வீட்டோடு அடமானம் போகாதது

ஊருக்கெல்லாம் சண்டைக்காரனாகவும் எனக்கு மட்டும் செல்லமாகவும் இருந்த என் நைனாவுக்கு,

கற்பகம் எழுதுகிறேன். உனக்குத் திதி கொடுக்கும் நாள் நெருங்குகிறது. படையலுக்கு முன்னால் நின்று வேண்டிக்கொள்ள இந்தத் தடவை எனக்கு ஒன்றும் இல்லை. கேட்கத்தான் நிறைய இருக்கிறது. கோபமாகத்தான் கேட்கப்போகிறேன். உன்னிடம் வேறு எப்படிப் பேசி எனக்குப் பழக்கம்?

முதலில் நல்ல சேதி. நமக்குச் சொந்தமாக வீடு இருக்கிறது நைனா. சிங்கவரம் போகிற வழியில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட மனையில் கட்டியிருக்கிறோம். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. வெளிப்பூச்சு இன்னும் பாக்கி. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. பின்பக்கம் நின்றால் கோட்டை மலை முழுசாகத் தெரியும். ஹாலில் முதல் ஆணி உன் படத்துக்குத்தான் அடித்தோம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்று காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவன் நீ. இப்போது சுவரில் இருக்கிறாய்.

கெட்ட சேதி, அந்தச் சுவர் நம்முடையது இல்லையாம். கொஞ்ச மாசத்துக்கு முன்னால் ஒருத்தன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், உனக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ செத்த அன்றைக்கு நடந்தது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை ஆம்புலன்ஸில் கூட்டிக்கொண்டு வந்தோம். தெருமுனை திரும்பும்போதே ஹவுஸ் ஓனர் கேட்டைப் பூட்டிவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோகும்போதெல்லாம் நீதானே கழற்றி மாட்டுவாய்? அதே மனுஷன்.

"தப்பா நெனச்சிக்காதம்மா, நேரா சுடுகாட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. என் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்குது."

"ஒரு மணி நேரம் சார். சொந்தக்காரங்க வந்து மொகம் பாத்துட்டா போதும்" என்றேன்.

"பொணம் வெச்ச வூட்டுக்கு நாளைக்கு எவன் வாடகைக்கு வருவான்? நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவிங்க. எனக்கு இது சொந்த வூடு."

வாடகை பாக்கி ஒரு பைசா கிடையாது. அட்வான்ஸ் அவர் கையில்தான் இருந்தது. இருந்தும், உன்னைத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சாமியானா போட்டுத்தான் கிடத்தினோம். பைக்கில் போகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். அம்மா தார்ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த வெயிலில் உனக்குப் போட்ட மாலை சீக்கிரம் வாடியது. எனக்கு அழுகை வரவில்லை நைனா. பற்றிக்கொண்டுதான் வந்தது.

சொந்த வீடு கட்டாமல் சாகமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். உனக்குத்தான் அந்த ஆசையே கிடையாது. ரைஸ் மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாயே, அப்போது மூட்டை கிழிந்துபோனதற்காக முதலாளி ஒரு லோடுமேனை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். நீ வண்டிச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தாய். "எனக்கு இன்னா, வூடா வாசலா, கடனா உடனா? நாளைக்கே வேற வண்டி ஓட்டுவேன்" என்றாய். அதற்கு அப்புறமும் அப்படி எத்தனை சாவியை வைத்துவிட்டு வந்தாய்! ஒரு முதலாளிக்கும் நீ குனிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உயிரோடு இருந்தவரை யாருக்கும் கைகட்டாத மனுஷனுக்கு, செத்ததும் படுக்க இடம் இல்லை. இது என்ன நியாயம் என்று நானும் யாரைக் கேட்பது?

உனக்கு அப்புறம் வேறு வீடு பார்த்தோம். ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. எத்தனை பேர், என்ன ஆளுங்க, கறி மீன் சமைப்பீங்களா, வீட்டில் வயசானவங்க இருக்காங்களா. கடைசிக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள், வியாதி இல்லாதவள் என்று காட்ட. கிடைத்த வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். வாசலில் செருப்பு கிடக்கிறது, தண்ணீர் செலவாகிறது என்று ஓனர் அம்மா அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் லோன் வாங்கினேன். என் வீட்டுக்காரர் சேகரை உனக்குத் தெரியும், லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்கு மாசச் சம்பளம் என்று ஒரு காகிதம் காட்ட முடியாது. நான் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் சம்பளத்தை வைத்துத்தான் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஹவுசிங் லோன் கிடைத்தது. சம்பளச் சான்றிதழில் எங்கள் பள்ளிக்கூடத்து தாளாளர் கையெழுத்துப் போட்டார். போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லது டீச்சர். லோன் வாங்கனவங்க தான் ஒரு எடத்துல நெலையா இருப்பாங்க."

வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மே மாசம் சம்பளம் இல்லை என்றார்கள், ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கச் சொன்னார்கள். வல்லம், சீயமங்கலம் என்று அந்த வெயிலில் நோட்டீஸோடு அலைந்தேன். என்னோடு வேலை பார்த்த, கல்யாணம் ஆகாத ஒரு பெண் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வாயில் வந்ததை விழுங்கினேன். ஒவ்வொரு மாசமும் டியூ கட்டுகிற தேதி எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, பேசாதே என்று சொன்னது. உன் மகள்தான் நைனா. அந்த மனுஷன் லோன் இருக்கிற டீச்சராகப் பார்த்துத்தான் வேலையில் வைத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. கட்டிப்போடக் கயிறு வேண்டாம், மாசத் தவணை போதும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் வேணி. புருஷன் இல்லாதவள், என்னைவிடச் சின்னவள். அந்த வேன் கதவின் கொக்கி உடைந்து நாளாகிவிட்டது. நைலான் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். டிரைவர் ஆபீஸில் எத்தனையோ தடவை சொன்னார். வேணியும் சொன்னாள். நான் அதே வேனில் போகிறவள், நானும் சொன்னேன். "லீவுல பாத்துக்கலாம்" என்பார்கள். வேணி தினமும் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டேதான் வருவாள்.

அன்றைக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. வேணி அதைத் தாங்கிப் பிடிக்கத் திரும்பினாள். வேன் வளைவில் திரும்பியது, கயிறு அறுந்தது, கதவு திறந்துகொண்டது. யுகேஜி படிக்கிற தாரணி ரோட்டில் விழுந்தாள். பின்னால் வண்டி வராதது யார் செய்த புண்ணியமோ. கை முறிந்தது, நெற்றியில் தையல். நான்தான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேணி கூடவே ஓடிவந்தாள், செருப்பைக்கூட விட்டுவிட்டு.

மறுநாள் வேணியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கவனக்குறைவாம். பெற்றோர்கள் கொதித்துப்போய் மீட்டிங் கேட்டார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"கற்பகம் டீச்சர், டெய்லி அந்த வேன்ல வர்றது நீங்க. நீங்க சொன்னா பேரண்ட்ஸ் நம்புவாங்க. கதவு நல்லா தான் இருந்துது, அந்தப் பொம்பள தான் போன் பாத்துட்டு வந்தான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"கொக்கியே இல்லியே சார். வேணி கிட்ட போனும் இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? வூடு கட்டியிருக்கிங்க. லோன் ஓடுது. நான் கையெழுத்து போட்டுக் குடுத்த லோன். பாத்து நடந்துக்குங்க."

திட்டவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி சொன்னார். வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன்.

அவர் டியூ கட்டின ரசீதுகளை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "நான் பொய் சொல்லுன்னு சொல்லல கற்பகம். ஆனா ரெண்டு டியூ நின்னுச்சின்னா வந்துடுவானுங்க. வூடு போயிடுச்சின்னா உங்கம்மாவ எங்க கூட்டிட்டுப் போறது? திரும்பவும் வாடகைக்கா?" என்றார்.

"எங்க நைனாவா இருந்தா இந்நேரம் சாவிய வெச்சிட்டு வந்திருப்பாரு" என்றேன்.

அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளிவைத்தாள். "இன்னா பெரிசா நைனா? அவரு சாவிய வெச்சிட்டு வந்துடுவாரு. அடுத்த மாசம் அரிசிக்கு இன்னா பண்றதுன்னு அவருக்கா தெரியும்? என் தாலிச்சரடு எத்தினி தடவ அடகுக் கடைக்குப் போயிட்டு வந்துதுன்னு தெரியுமா உனக்கு? அவரு யாருக்கும் பயப்படல. அவரு பயத்தையும் சேத்து நான் பயந்தேன்" என்றாள்.

நைனா, இது உனக்குத் தெரியுமா? நீ நிமிர்ந்து நடந்தாயே, அதற்குக் கூலி கொடுத்தது யார் என்று ஒருநாளாவது கேட்டாயா? உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வீடு இல்லாதவனுக்கு விடுதலை என்று சொன்னாயே, அது உனக்கு மட்டும்தானே கிடைத்தது? அம்மா எப்போது யார் மேசையில் எந்தச் சாவியை வைத்தாள்?

ஆனால் அம்மா அதோடு நிறுத்தவில்லை. முறத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு சொன்னாள்: "பயமா இருந்தா பயந்துக்கோ. அதுக்காக அந்தப் பொண்ணு தலையில போடாத. அதுக்கு அடமானம் வெக்கறதுக்கு ஒரு வூடு கூட இல்ல."

மீட்டிங்கில் தாரணியின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வல்லத்துக்காரர், குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறவர். தாளாளர் எழுந்து அழகாகப் பேசினார், பிள்ளைகள்தான் எங்கள் சொத்து என்றார். பிறகு என்னைப் பேசச் சொன்னார். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"கதவுல கொக்கி இல்ல. கயிறு தான் கட்டியிருந்துது. டிரைவர் சொன்னாரு, வேணி சொன்னா, நானும் ஆபீஸ்ல சொன்னேன். யாரும் சரி பண்ணல. வேணி கையால தான் புடிச்சிட்டு வந்தா. அன்னிக்கி வாந்தி எடுத்த புள்ளையப் புடிச்சா. அவ மேல தப்பு இல்ல."

"டீச்சர் டென்ஷன்ல இருக்காங்க" என்றார் தாளாளர்.

"டென்ஷன் தான் சார். கயிறு கட்டன வேன்ல தெனம் வந்தா டென்ஷன் வராதா?"

தாரணியின் அப்பா எழுந்து, "எம் பொண்ண ஏத்திட்டுப் போறது மூட்டையா சார், கயிறு கட்டி எடுத்துட்டுப் போறதுக்கு?" என்று கேட்டார். அதற்கு மேல் அங்கே ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. எல்லாப் பெற்றோரும் வேனைப் பார்க்கக் கிளம்பிப்போனார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது. எல்லா வேனுக்கும் புதுக் கொக்கி போட்டார்கள். வேணிமேல் தப்பில்லை என்று பெற்றோர் முன்னால் சொல்லவேண்டியதாயிற்று, ஆனால் வேலையைத் திருப்பித் தரவில்லை. என்னை அன்றைக்குச் சாயங்காலமே, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாசச் சம்பளத்தையும் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

சேகர் பயந்தது நடந்தது. டியூ நின்றது. முதலில் போன், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போன், அப்புறம் ஆள். பைக்கை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு ஒருத்தன் தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டான்: "கட்ட வக்கில்லாதவங்களுக்கு எதுக்கு சொந்த வூடு?"

"மொத வீட்டுக்குள்ள வந்து பேசு" என்றேன்.

"யாரு வூட்டுக்குள்ள? கடன கட்டி முடிக்கிற வரைக்கும் இது கம்பெனி வூடு. உங்க பேரு காயிதத்துல தான் இருக்குது."

இன்னொரு நாள் வரும்போது சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் கொண்டுவந்தான். வீடு கடனில் இருக்கிறது என்று வெளிச்சுவரில் எழுதப்போகிறானாம். சேகர் லோடு ஏற்றப் போயிருந்தார். நான் குறுக்கே போய் நின்று கத்தினேன். "நீ யாரு எழுதறதுக்கு? போலீசக் கூப்புடுவேன்" என்றேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனான்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவன் பிரஷ்ஷைத் தோய்ப்பதற்குள் போய், பூசாத அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, டூட்டிய பாக்க வுடு" என்றான்.

"எழுது. செவுத்துல எடம் இல்ல, என் மேல எழுது. நானும் கடன்ல தான் இருக்கேன். என் பொண்ணு கடன், எனக்கும் கடன் தான். எழுதுடா."

தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். அவனுக்கு அம்மா வயதில் ஒருத்தி வீட்டில் இருப்பாள் போல, பிரஷ்ஷைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டான். "ஆபீஸ்ல வந்து பேசுங்க" என்று முனகிவிட்டு வண்டியை எடுத்தான். அம்மா அவன் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. தூக்கிவிடப் போனபோதுதான் பார்த்தேன், உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இப்பவும் பயமாம்மா?" என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா இது நம்ம வூடு. உங்க நைனா இருந்த எந்த வூட்லயும் நான் இப்பிடி உக்காந்ததில்ல" என்றாள்.

நாங்கள் லோன் கம்பெனி ஆபீஸுக்குப் போனோம். அங்கே ஏசியில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசினார்கள். ஆளை அனுப்பியது அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். நின்ற டியூவைச் சேர்த்துக் கட்ட அவகாசம் கொடுத்தார்கள், அபராதத்தோடு. அம்மாவின் சரடு திரும்பவும் கடைக்குப் போனது. ஒரு கடனுக்கு இன்னொரு கடன். எனக்கு அதில் பெருமை எதுவும் இல்லை நைனா, வயிறு எரிகிறது.

இப்போது வீட்டு ஹாலில் டியூஷன் எடுக்கிறேன். முதலில் வந்தவர் தாரணியின் அப்பா. கையில் கட்டோடு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஒனக்கு இந்த டீச்சர் தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அனுப்புகிறார்கள். வாசல் நிறையச் செருப்பு கிடக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லை. வேணி தையல் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மாசம் முடியும்போது இன்னும் மூச்சு முட்டுகிறது, ஆனால் டியூ போகிறது.

நம் ஊர்க் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெருமை கிடைத்துவிட்டது, தெரியுமா உனக்கு? வெளியூர்க் கார்கள் வருகின்றன. ஒரு புரோக்கர் வந்து, "இப்ப வித்தா நல்ல ரேட்டு. கடன அடச்சிட்டு ஃப்ரீயா இருக்கலாம்" என்றான். ஃப்ரீயாக எங்கே இருப்பது? டிரான்ஸ்பார்மர் பக்கத்திலா? அவனிடம் அதைக் கேட்கவில்லை. போய்விட்டு வா என்றேன்.

வீடு இருந்தால் விடுதலை என்கிறவர்கள் என் டியூ தேதியைப் பார்த்ததில்லை. கடன் இல்லாதவன்தான் சுதந்திரன் என்கிறவர்கள் அம்மா அந்த வாசல்களில் நின்றதைப் பார்த்ததில்லை. மனுஷன் மானத்தோடு இருக்க நாலு சுவர் வேண்டும், அந்த நாலு சுவருக்காக மானத்தை மாசாமாசம் கட்டவேண்டும் என்று இதை இப்படி அமைத்து வைத்தது யார்? அவர்கள்மேல்தான் என் கோபமெல்லாம். நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

போன வாரம் திண்டிவனம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். கணக்கில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சொந்த வீடா? லோன் இருக்குதா?" என்று கேட்டார் அந்த மனுஷர். இருக்கிறது என்றதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி. எனக்கு அந்தத் திருப்தி நன்றாகத் தெரியும்.

"லோன் இருக்குது சார். அதனால பேச மாட்டேன்னு மட்டும் நெனச்சி எடுக்காதிங்க" என்றேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன் நைனா. உன்னை மாதிரி சாவியை வைத்துவிட்டு நான் நடந்துபோகப்போவதில்லை, அம்மாவை இன்னொரு தடவை பயப்பட வைக்கமாட்டேன். என் தலை நரைத்தாலும் கடைசி ரூபாய் வரைக்கும் டியூ கட்டுவேன். வாயை மட்டும் கட்டமாட்டேன்.

இப்படிக்கு,
அந்த வாயை உன்னிடமிருந்தும், அந்தப் பிடிவாதத்தை அம்மாவிடமிருந்தும் வாங்கிக்கொண்ட,
உன் மகள்
கற்பகம்